மெட்டுக்கு அனுமதி இல்லை

“மெட்டை மாத்திட்டா என்ன?” என்று தராசு கேட்டார். அவ்வளவுதான், மந்திரக்காரியின் முகம் சுண்டிவிட்டது.

அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் என் சட்டைப் பையிலிருந்து தராசின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். போன வாரம் தொலைந்த என் குடையையும் அப்படியே எடுத்துவிட முடியுமா என்று கேட்டதற்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். இப்போது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“மாத்த முடியாது மேடம்.”

“ஏன்?”

“பழகிடுச்சு.”

“வேற மெட்டும் பழகுமே?”

“முடியாதுன்னா முடியாதுதான். அனுமதி வாங்கித் தர முடியுமான்னு மட்டும் சொல்லுங்க.”

தராசின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யார் எதைச் சொன்னாலும் அப்படித்தான் எடைபோட்டுக் கேட்பார். அதனால்தான் அந்தப் பெயர். எனக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தது அவர். குத்தத் தெரியும், தைக்கத் தெரியாது என்பது அவர் கொடுத்த விளக்கம். நானும் மறுத்ததில்லை.

விஷயம் இதுதான். மந்திரக்காரியின் நிகழ்ச்சிக்கு உயிரே ‘கேட்டதைக் கொடுக்கும் அலமாரி’. மேடை நடுவில் ஆளுயர மர அலமாரி ஒன்று நிற்கும். திறந்து காலி என்று காட்டுவாள். கூட்டத்தில் யாராவது குடை, தொப்பி, கடிகாரம் என்று ஏதோ ஒன்றைக் கேட்பார்கள். கதவை மூடியதும் ஒரு மெட்டு ஒலிக்கும். கைத்தடியால் கதவைத் தட்டித் திறந்தால் கேட்ட பொருள் உள்ளே தொங்கும். சின்னச் சின்ன அரங்குகளில் பல வருடமாக அவள் அண்ணன் நடத்தியது. அவர் இறந்துபோன பிறகு இவள் எடுத்து நடத்துகிறாள். அண்ணியும் அண்ணன் பிள்ளைகளும் இவளும் சாப்பிடுவது இந்த அலமாரியை நம்பித்தான்.

இப்போதுதான் முதன்முதலாக ஒரு பெரிய அரங்கம் கிடைத்திருக்கிறது. பெரிய அரங்கத்துக்குப் பெரிய சட்டதிட்டம். மேடையில் ஒலிக்கிற இசை யாருடையதோ அவருடைய அனுமதி வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த மெட்டு ஊரறிந்த மெட்டு. ஓர் இசை கம்பெனி முதலாளி தன் பெயரில் வெளியிட்டது. மந்திரக்காரி அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். மூஞ்சியில் அடித்த மாதிரி மறுத்து அனுப்பிவிட்டார்.

“இன்னைக்குச் சாயங்காலம் முதல் ஷோ. அனுமதி இல்லன்னா அலமாரி மேடை ஏறக்கூடாதாம். அலமாரி இல்லன்னா நிகழ்ச்சியே வேண்டாமாம். எவ்வளவு கேட்டாலும் தர்றேன்னு சொல்லிப் பார்த்துட்டேன் மேடம். அசைஞ்சு கொடுக்கல.”

“மெட்டு விக்கிறதுதான் அந்த மனுஷனுக்குத் தொழில்,” என்றார் தராசு. “வாங்க வந்தவங்களை எதுக்கு விரட்டணும்? குண்டூசி, கிளம்பு.”

“சாப்பாட்டுக்கு முன்னாடியா மேடம், பின்னாடியா?”

“பதிலா.”

*

இசை கம்பெனியின் லிஃப்ட்டிலேயே அந்த மெட்டு எங்களை வரவேற்றது. முதலாளியின் அறைச் சுவர் முழுக்க அவருடைய படங்கள். ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு பெரிய மனிதரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றில் மட்டும் தனியாக நின்றார். அன்றைக்கு யாரும் சிக்கவில்லை போலிருக்கிறது.

“அந்த மெட்டு எப்படி சார் பிறந்துச்சு?” என்று தராசு பணிவாக ஆரம்பித்தார். அவர் பணிவாகப் பேசினால் எதிரில் இருப்பவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“ஒரு நாள் கடற்கரையில தனியா உட்கார்ந்திருந்தேன். அலை வந்துச்சு. கூடவே மெட்டும் வந்துச்சு.”

“கால் நனைஞ்சுதா சார்?” என்றேன். தராசு பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

“கல்யாண வீட்டுக்குத் தர்றீங்க. சோப்பு விளம்பரத்துக்குத் தர்றீங்க. மேஜிக் ஷோவுக்கு மட்டும் ஏன் மாட்டேங்கறீங்க?”

“மேஜிக்னாலே எனக்கு ஆகாது மேடம். எல்லாம் ஏமாத்து வேலை. ஜென்மத்துல ஒரு ஷோ பார்த்ததில்ல, பார்க்கப் போறதும் இல்ல.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அதோட இன்னொண்ணு. அந்தப் பொண்ணே என்கிட்ட வந்து அனுமதி கேட்டாச்சு. கேட்டப்பவே மெட்டு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டாச்சு. அப்புறம் என்ன பேச்சு இருக்கு?”

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு தடவை போட்டுக் காட்டறீங்களா சார்? உங்க வாயால கதையைக் கேட்டுட்டு அதையும் கேட்டா நல்லா இருக்கும்.”

முகத்துதி யாருக்குத்தான் கசக்கும்? பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ சீட்டியடித்துக்கொண்டே மாடிப்படி இறங்கி வருகிற மாதிரி அந்த மெட்டு வந்தது. பாதிப் படியில் திடீரென்று நின்றது. ஒரு சத்தமும் இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று நான் விளக்கைப் பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு எதுவுமே நடக்காத மாதிரி மெட்டு மிச்சப் படிகளையும் இறங்கி முடித்தது.

“நடுவுல ஏன் சார் நின்னுடுச்சு?”

“அதுதான் மேடம் கலை. மௌனத்தையும் இசையாக்கியிருக்கேன்.”

“அடேங்கப்பா,” என்றார் தராசு. வெளியே வந்து லிஃப்ட்டில் ஏறினோம். கதவு மூடியதும் என் பக்கம் திரும்பினார். “என்ன பார்த்த?”

“பெருமை பார்த்தேன். அப்புறம், அவர் விரலால மேஜையில தாளம் போட்டதைப் பார்த்தேன்.”

“எப்போ போட்டார்?”

யோசித்தேன். “மெட்டு நின்ன இடத்துல. மூணு தட்டு.”

“மெட்டு ஓடறப்போ சும்மா இருந்துட்டு, நின்னப்போ தாளம் போடறவரை நீ எங்கேயாவது பார்த்திருக்கியா? சரி, இதுக்குப் பதில் சொல்லு. சொந்த வீட்ல இருக்கிற ஒருத்தன், ‘இது என் வீடுன்னு எதிர்வீட்டுக்காரங்களே ஒத்துக்கிட்டாங்க’ன்னு சந்தோஷப்படுவானா?”

“வாடகை வீடா இருந்தா படுவான்.”

“பூட்டை உடைச்சுப் புகுந்த வீடா இருந்தா இன்னும் நல்லாப் படுவான்,” என்றார் தராசு.

*

அரங்கத்துக்குப் போனபோது மதியம் சாய்ந்திருந்தது. காலி நாற்காலிகளுக்கு நடுவில் மேனேஜர் சாவிக்கொத்தோடு நடைபோட்டுக்கொண்டிருந்தார். அனுமதி, அனுமதி என்று அவர் முனகியதைக் கேட்டால் பாவமாகத்தான் இருந்தது. தராசு அவரிடம் ஏதோ சொல்லி அறைக்கு அனுப்பிவைத்தார்.

மேடையில் அந்த அலமாரி நின்றது. ஓரத்தில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி மேலங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க அண்ணி. துணிமணியெல்லாம் அவங்கதான் பார்த்துக்கிறாங்க,” என்றாள் மந்திரக்காரி.

“எனக்கு ஒரு தடவை அந்த அலமாரியைச் செய்து காட்டுங்களேன்,” என்றார் தராசு.

“நான் குடை கேட்கிறேன்,” என்று முந்திக்கொண்டேன். குடை விஷயத்தில் நான் விடுவதாக இல்லை.

மந்திரக்காரி தடுமாறினாள். “இப்ப முடியாது. சாயங்காலம் பாருங்க.”

“சாயங்காலம் தானாக் கொடுக்கிற அலமாரி இப்ப ஏன் கொடுக்காது?”

“மெட்டு ஓடற இடத்தை மட்டும் காட்டறேன்,” என்று பேச்சை மாற்றி, மெட்டை ஓடவிட்டாள். சீட்டி மாடிப்படி இறங்கியது. பாதியில் நின்றது. நின்ற அந்த இடத்தில் அவள் கைத்தடி கதவில் விழுந்தது. டக், டக், டக். மூன்றாவது தட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு மெட்டு மறுபடி கிளம்பியது. காலையில் இரண்டு தடவை கேட்டபோது பாதி வெந்த மாதிரி இருந்த மெட்டு இப்போது முழுசாக இருந்தது. எனக்கே சிலிர்த்தது.

தராசு மேடையைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணியை. நானும் பார்த்தேன். மெட்டு ஆரம்பித்ததுமே அந்த அம்மாள் ஊசியை வைத்துவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் சுவர் இருப்பது போல, ஒடுங்கிப் போய். வலது கை தானாக மேலே போய், கீழே வந்து, காற்றில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

மெட்டு முடிந்தது.

“அலமாரிக்குள்ள நிக்கிறது உங்க அண்ணிதானே?” என்று கேட்டார் தராசு.

மந்திரக்காரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். “அலமாரி காலி! எங்க தொழில்ல இதைக் கேட்கிறதே தப்பு மேடம். அனுமதி வாங்கித் தாங்கன்னுதானே வந்தேன், அலமாரியைத் துருவச் சொன்னேனா?”

“வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போயிட்டு, வயிறு எங்க இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன்னா எப்படிங்க?” என்றேன்.

“சும்மா இரு குண்டூசி. நீங்க கேளுங்கம்மா. மெட்டுக்கு நடுவுல யாரும் சும்மா ஓட்டை போட மாட்டாங்க. அந்த மூணு தட்டு விழறதுக்காகத்தான் இடம் விட்டிருக்கு. அப்போ இந்த மெட்டு இந்த அலமாரிக்காகவே பிறந்தது. கம்பெனிக்காரர் வெளியிட்ட பாட்டுல தட்டு கிடையாது. ஆனா அவர் விரல் சரியா அந்த இடத்துல மூணு தட்டு தட்டுது. பாட்டு வெளிவர்றதுக்கு முன்னாடியே அவர் உங்க மேடையில இதைக் கேட்டிருக்கார். மேஜிக் பார்த்ததே இல்லன்னு சொன்னது பொய். நீங்க மெட்டை மாத்த முடியாதுன்னு சொன்னது மட்டும்தான் நிஜம். இருட்டுல நிக்கிறவங்களுக்கு அதுதான் கண்ணு.”

மந்திரக்காரி வாயைத் திறந்தாள். பேச்சு வந்தது அண்ணியிடமிருந்து.

“போதும்மா, விடு. நான் சொல்றேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தார். “முதல் அடி ஓடறப்போ மேல்தட்டு. ரெண்டாவது அடிக்கு நடுத்தட்டு. அப்படியே கீழ வரைக்கும். அதுக்குள்ள கேட்ட பொருளைத் தடவி எடுத்துக் கொக்கியில மாட்டிடணும். இவ தட்டறப்போ பின்பலகை திரும்பும். திரும்புற சத்தம் தட்டுற சத்தத்துல கரைஞ்சு போயிடும். ஒரு எட்டு தவறினா விரல் நசுங்கும். அதனால நானே ஒரு மெட்டுப் போட்டேன். வீட்ல உட்கார்ந்து மவுத் ஆர்கன்ல வாசிச்சு வாசிச்சுச் சரிபண்ணினேன். அந்த ஆளு அப்போ எங்ககிட்ட சவுண்டு பார்த்துக்கிட்டிருந்தான். ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போயிட்டான். கொஞ்ச நாள்ல என் மெட்டு கடைக்குக் கடை பாடுது, அவன் பேருல.”

“சண்டை போட்டிருக்கலாமே?” என்றேன்.

“யாருன்னு சொல்லிப் போடறது? அலமாரி காலின்னு ஊரெல்லாம் காட்டியாச்சு. உள்ள இல்லாதவ எப்படி மெட்டுப் போட்டான்னு கேட்டா என்ன சொல்வேன்?”

மந்திரக்காரி அந்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். “ரகசியத்தை வெளிய விட மாட்டோம்னு அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். அது போயிட்டா அலமாரி வெறும் பலகைதான். அதான் அந்த ஆளுகிட்டயே போய்க் கேட்டுடலாம்னு…”

“உங்க வீட்டு மெட்டுக்கு நீங்களே அனுமதி கேட்டீங்க,” என்றார் தராசு. “கேட்டதுல அவருக்குப் பிடி கொடுத்துட்டீங்க.”

திருடனிடம் போய், உங்கள் வீட்டுக்குள் வரலாமா என்று கேட்கிற வீட்டுக்காரர்களை நான் அன்றுதான் பார்த்தேன். இந்தத் தப்பை மந்திரக்காரர்கள் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. ஜோக் அடிக்க வாயெடுத்தேன், மனம் வரவில்லை.

“அவன் ஏன் கொடுக்க மாட்டேங்கறான்?” என்று அண்ணி கேட்டார்.

“பெரிய அரங்கத்துல, ஆயிரம் பேர் நடுவுல, அந்த ஓட்டையில தட்டு விழுந்தா மெட்டு எங்க பிறந்ததுன்னு யாருக்காவது உறைக்கும்கிற பயம்தான். ஆனா நான் கண்டுபிடிச்சதை வெச்சு மட்டும் அவரை அசைக்க முடியாது. விரலால தட்டினார்னு சொன்னா சிரிப்பாங்க. அவர் வாயாலயே வரணும்.”

“வரும்,” என்றார் அண்ணி. “அவனுக்குக் கோபம் வந்தா வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. சாயங்காலம் அவனை முன்வரிசையில உட்கார வைங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

“அண்ணி, வேண்டாம்! ரகசியம் போயிடும்.”

“மெட்டு ஏற்கெனவே போயாச்சேம்மா. ரெண்டுல ஒண்ணுதான் நமக்கு மிஞ்சும்னா, எது மிஞ்சணும்னு நான் சொல்றேன். அந்த இருட்டுல நின்னவ நான்தான்.”

இப்படி ஒரு குரலை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. மந்திரக்காரிக்கும் இல்லை. தராசு அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டார். “சார், உங்க அனுமதி இல்லாமலே அந்த மெட்டை இன்னைக்கு வாசிக்கப் போறாங்களாம். நேர்ல வந்து பார்த்தீங்கன்னா நல்லது.”

*

அரங்கம் நிரம்பி வழிந்தது. முதலாளி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தராசு பாட்டுப் போடும் கருவியின் ஒயரைப் பிடுங்கி மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டார். “நாங்க யாரோட பாட்டையும் போடல. நீங்களே சாட்சி.” மேனேஜர் அந்த ஒயரைப் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்.

மந்திரக்காரி அலமாரியைத் திறந்து காட்டினாள். காலி. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் குடை கேட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை, சத்தியமாக. கதவு மூடியது.

அலமாரிக்குள்ளிருந்து மவுத் ஆர்கன் கேட்டது.

கூட்டம் மூச்சைப் பிடித்தது. சற்றுமுன் காலியாகப் பார்த்த அலமாரி தானாகப் பாடினால் யார்தான் வாயைப் பிளக்க மாட்டார்கள்? மெட்டு மாடிப்படியில் இரண்டு படி இறங்கியிருக்கும், முதலாளி துள்ளி எழுந்தார்.

“நிறுத்துங்க! அது என் மெட்டு! அனுமதி இல்லாம வாசிக்கக்கூடாது!”

மந்திரக்காரி நிதானமாகத் திரும்பினாள். “யாரை சார் நிறுத்தச் சொல்றீங்க? அலமாரி காலியா இருந்ததை நீங்களும்தானே பார்த்தீங்க?”

கூட்டம் சிரித்தது. முதலாளிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. தடதடவென்று மேடை ஏறினார்.

“காலியா? யாரை ஏமாத்தற? அந்தப் பின்பலகையைத் தள்ளிப் பாருங்க எல்லாரும்! பின்னாடி இவ அண்ணி நிக்கிறா! மூணு தட்டு தட்டினா பலகை திரும்பும், அவ்வளவுதான் இவங்க மேஜிக்! எத்தனை வருஷம் நானே இவங்க மேடையில…”

சட்டென்று நிறுத்தினார். நிறுத்திய இடம் ஒரு வார்த்தை தாமதம்.

முன்வரிசையிலிருந்து தராசு எழுந்தார். “நீங்களே இவங்க மேடையில என்ன சார்? ஜென்மத்துல மேஜிக் பார்த்ததில்லன்னு காலையில சொன்னீங்களே. உள்ள இருக்கிறவங்க இவங்க அண்ணின்னு எப்படித் தெரியும்? அந்த மூணு தட்டு நீங்க வித்த பாட்டுல இல்லையே. எங்க கேட்டீங்க?”

அதற்குள் அலமாரியின் கதவு உள்ளிருந்து திறந்தது. அண்ணி வெளியே வந்தார். மேடை வெளிச்சம் பழக்கமில்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டார். கையில் மவுத் ஆர்கன்.

“நான்தான்,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “இத்தனை வருஷமா நீங்க கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தது நான்தான். இந்த மெட்டு இந்த ஆளுக்குக் கடற்கரையில கிடைச்சதாம். எனக்கு இதோ, இந்த ஒன்றரை அடி இருட்டுல கிடைச்சது. எந்தத் தட்டுல எந்தப் பொருள் இருக்குன்னு மெட்டை வெச்சு அவனைச் சொல்லச் சொல்லுங்க. நான் சொல்றேன், ஒவ்வொரு அடிக்கும்.”

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு யார் தட்டவில்லை என்று எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. என் கை வலித்தது. பக்கத்தில் தராசும் தட்டிக்கொண்டிருந்தார். அவர் தட்டி நான் பார்த்ததே இல்லை.

“கோர்ட்ல பார்த்துக்கறேன்!” என்று கத்தினார் முதலாளி.

“அவசியம் வாங்க,” என்றார் தராசு. “சாட்சிக்கு இந்த அரங்கமே வரும். நீங்க பேசினதை எல்லாரும் கேட்டாச்சு.”

முதலாளி படியிறங்கிப் போனார். வழிவிட ஒருவரும் காலை மடக்கவில்லை.

மேனேஜர் ஒயரோடு மேடைக்கு வந்தார். எது நடந்தாலும் சட்டதிட்டம் சட்டதிட்டம்தானே. “எல்லாம் சரிதான். ஆனா அனுமதி? யாராவது அனுமதி கொடுத்தாத்தான் மெட்டை வாசிக்க விடலாம்.”

மந்திரக்காரி அண்ணியின் முன்னால் போய் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணி, இத்தனை நாளா உங்ககிட்ட ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. இந்த மெட்டை நம்ம அலமாரிக்கு வாசிக்க அனுமதி கொடுப்பீங்களா?”

“மாட்டேன்,” என்றார் அண்ணி.

அரங்கமே அதிர்ந்து போனது.

“முன்ன மாதிரின்னா மாட்டேன். இனிமே நான் வெளிய நின்னு வாசிப்பேன். உள்ள நீ போ.”

மந்திரக்காரி மேலங்கியைக் கழற்றினாள். அதை அண்ணியின் தோளில் போட்டாள். கைத்தடியை அவர் கையில் கொடுத்தாள். குனிந்து அலமாரிக்குள் போனாள். அண்ணி கதவைச் சாத்தினார்.

ரகசியம் தெரிந்துபோன கூட்டம் இடத்தைவிட்டு அசையவில்லை. மவுத் ஆர்கன் படி இறங்கியது. நின்ற இடத்தில் அண்ணி தட்டினார். உள்ளே ஏதோ உருண்டு விழுந்த சத்தமும், “அம்மா!” என்ற முனகலும் தெளிவாகக் கேட்டன. மெட்டு முடிந்து கதவு திறந்தது. கொக்கியில் ஒரு தொப்பி தொங்கியது.

“நான் கேட்டது குடை!” என்றாள் மூன்றாவது வரிசைப் பெண். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணி சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்து, தூசி தட்டி, அந்தப் பெண் பக்கம் நீட்டினார்.

“பழகிக்குவா,” என்றார். “உள்ள ரொம்ப இருட்டு.”